மவுன்ட் மாறியபோது: கோபி பக்கத்துக் கல்யாண ஸ்டுடியோ ஒன்றின் கேமரா முதலீடு, 2018 முதல் 2024 வரை

பின்னணி

கோபிசெட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஒரு சிற்றூரில் இருக்கிற ஸ்டுடியோ இது. ஆரம்பித்தவர் இப்போது எழுபதைத் தாண்டிய பெரியவர். நடத்துகிறவர்கள் இரண்டு பேர்: அவருடைய மருமகன், அவருடைய மகன். மருமகனுக்கு வயது கூட. ஃபோட்டோ அவர் பொறுப்பு. மகன் வீடியோவைப் பார்த்துக்கொள்கிறார். இந்த ஸ்டுடியோவின் வரவு செலவைப் பல வருடங்களாக நான் எழுதி வருகிறேன். கேமரா வாங்கிய பில், விற்ற தொகை, வாடகை கொடுத்த நாள் எல்லாம் என் கையில் இருப்பதால், மூன்று பேரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள். தொகைகளை ஆயிரத்துக்கு முழுமையாக்கியிருக்கிறேன்.

வருமானத்தின் பெரும்பகுதி கல்யாணம். தை, பங்குனி, வைகாசி, ஆவணி மாதங்களில் ஓட்டம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கேட்டலாக் படம் எடுத்துக் கொடுப்பார்கள். கொங்குக் கல்யாணம் எடுத்தவர்களுக்குத் தெரியும், முக்கால்வாசி வேலை ராத்திரியில்தான். இணைச்சீர், நாட்டுக்கல் சீர் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். மண்டபத்தில் ஓர் ஓரத்தில் மட்டும் வெளிச்சம் இருக்கும், சுற்றி உறவுக்காரர்கள் நிற்பார்கள். சடங்கை நடத்துகிற பெரியவரான அருமைக்காரரிடம் போய் “இன்னொரு தடவை பண்ணுங்க” என்று கேட்க முடியாது. அதனால் குறைந்த வெளிச்சத்தில் எடுக்கிற லென்ஸும், கூட்டத்துக்குள் நுழைகிற அளவுக்குச் சின்ன கேமராவும் இவர்களுக்கு உண்மையான தேவை. அடுத்து நடந்த எல்லாமே இந்தத் தேவையிலிருந்து ஆரம்பித்தவை.

2018-இல் கையில் இருந்தவை: கேனான் 6டி ஒன்று, 80டி ஒன்று, இஎஃப் மவுன்டில் 24-105, 70-200 எஃப்/2.8, 50 எஃப்/1.8, இஎஃப்-எஸ் 10-18. மவுன்ட் என்றால் கேமராவில் லென்ஸ் மாட்டுகிற அமைப்பு; லென்ஸும் பாடியும் (லென்ஸ் நீங்கிய கேமரா) ஒரே மவுன்டாக இருந்தால்தான் நேராகப் பொருந்தும். லென்ஸின் பெயரில் வருகிற எண் மில்லிமீட்டரில் குவியத் தூரம்; அது சிறிதானால் காட்சி அகலம். எஃப் எண் சிறிதானால் குறைந்த வெளிச்சமே போதும். கேமரா இரண்டும் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடியுள்ள டிஎஸ்எல்ஆர் வகை. கடன் ஏதும் இல்லை.

எம்50 உள்ளே வந்த விதம்

2018 கடைசியில் மகன் ஒரு எம்50 வாங்கினார். கேனானின் எம் என்ற சிறிய மிரர்லெஸ் வரிசை, அதாவது அந்தக் கண்ணாடி இல்லாத வகை அது. இஎஃப்-எம் என்ற மவுன்ட். கிம்பலில் (வீடியோ ஆடாமல் இருக்கக் கையில் பிடிக்கிற தாங்கி) வைத்தால் கை வலிக்காது, திரையைத் திருப்பித் தன்னையே பார்த்துக்கொள்ளலாம், 24 மெகாபிக்சல். 4கே எடுத்தால் ஃப்ரேம் மேலும் வெட்டுப்படும், ஃபோகஸும் தடுமாறும்; அதனால் 1080-இல்தான் எடுத்தார்கள். வாடிக்கையாளர் யாரும் அப்போது 4கே கேட்கவில்லை. கூடவே இஎஃப்-எம்மில் இஎஃப் லென்ஸ் போடுகிற அடாப்டரும் வாங்கியதால் பழைய 50-ஐயும் 70-200-ஐயும் அதிலேயே மாட்ட முடிந்தது.

2019-இல் இன்னொரு எம்50 வந்தது. 22 எஃப்/2 வந்தது. பிறகு 32 எஃப்/1.4. இந்த 32-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இணைச்சீர் நடக்கும்போது மேலே இருக்கிற ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், மாப்பிள்ளையின் சகோதரி முகத்தை அது எடுத்த விதத்தை ஆல்பத்தில் பார்த்திருக்கிறேன். புடவைக் கரையின் ஜரிகை ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. “மச்சான், இனி நமக்கு இந்த லென்ஸ்தான்” என்று மகன் சொன்னதில் தப்பே இல்லை. நல்ல பொருள் என்பதில் இன்றுவரை யாருக்கும் சந்தேகம் கிடையாது.

2020-இல் கொரோனா வந்தபோது கல்யாணங்கள் கோயில் வாசலுக்கும் வீட்டு முற்றத்துக்கும் போய்விட்டன. ஐம்பது பேருக்கு நடுவே பெரிய கேமராவோடு நான்கு பேர் நின்றால் அழகாக இருக்காது. எம்50 இரண்டும் அந்த வருடம் ஸ்டுடியோவைக் காப்பாற்றின. எம் வரிசையின் மேல் நம்பிக்கை வேரூன்றியது அப்போதுதான்.

2021 தை: பெரிய கொள்முதல்

ஏலச்சீட்டு ஒன்றைத் தள்ளி எடுத்து அந்தப் பணத்தில் மொத்தமாக வாங்கினார்கள். எம்6 மார்க் 2, எம்50 மார்க் 2, 11-22 லென்ஸ், சிக்மாவின் 16 எஃப்/1.4, 56 எஃப்/1.4, இன்னொரு அடாப்டர். முன்பு வாங்கியதையும் சேர்த்தால் எம் வரிசையில் போட்ட பணம் நான்கு லட்சத்தை ஒட்டி வந்தது. சீட்டுத் தவணை 2023 கார்த்திகை வரை இருந்தது.

வாங்குவதற்கு முன் இரண்டு வழிகளை எடைபோட்டார்கள். ஒன்று, இதே எம் வரிசையை விரிவாக்குவது. இன்னொன்று, கேனானின் புதிய ஆர்எஃப் மவுன்டில் ஆர்பி என்ற முழு ஃப்ரேம் பாடி ஒன்றை (படம் பதிகிற சில்லான சென்சார் இதில் பெரியது) வாங்கி, அடாப்டர் போட்டு, கையிலிருந்த இஎஃப் லென்ஸ்களையே தொடர்வது. இரண்டாவது வழியில் அந்தத் தொகைக்கு ஒரு பாடியும் ஒரு லென்ஸும்தான் கிடைக்கும். முதல் வழியில் ஒரே நேரத்தில் இரண்டு மண்டபத்துக்கு ஆள் அனுப்பலாம். ஆவணியில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு ஆர்டர் வருவது வழக்கம். அந்தக் காரணம் வலுவானது, நானும் மறுக்கவில்லை.

எடைபோடாதது ஒன்று இருந்தது. அதற்கான தகவல் அப்போதே எல்லார் கண்முன்னும் கிடந்தது. கேனான் ஆர்எஃப் மவுன்டை அறிமுகப்படுத்தியது 2018 செப்டம்பர் 5-ஆம் தேதி. இவர்கள் கொண்டாடிய 32 எஃப்/1.4 அறிவிக்கப்பட்டதும் அதே நாளில்தான். அதற்குப் பிறகு இஎஃப்-எம்முக்குக் கேனான் ஒரு லென்ஸ்கூடக் கொண்டுவரவில்லை. 2012-இல் ஆரம்பித்து அதுவரை வந்ததே எட்டு லென்ஸ்தான். அதே சமயம் ஆர்எஃப் பக்கம் லென்ஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. 2020 அக்டோபரில் வந்த எம்50 மார்க் 2-இல் இருந்தது பழைய எம்50-இன் சென்சார்தான், மாற்றங்கள் சொற்பம். ஒரு நிறுவனம் எதில் பணம் போடுகிறது என்பதை அதன் விளம்பரத்தில் தேட வேண்டாம், புதிய லென்ஸ்களின் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டரை வருடமாக எந்த லென்ஸும் வராத மவுன்டில், தவணை ஓடுகிற பணத்தைப் போடுவது பற்றி ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

பெரியவர் சொன்னது

பேச முயன்றவர் பெரியவர் ஒருவர்தான். கொள்முதலுக்குப் பணம் போதாமல், இஎஃப் 70-200-ஐயும் 24-105-ஐயும் விற்றுவிடலாம் என்று மகன் கேட்டார். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. பீரோவைத் திறந்து கேனானின் பழைய ஃபிலிம் கேமராவான ஏஇ-1 ஒன்றையும் 50 எஃப்/1.4 லென்ஸையும் எடுத்து மேசைமேல் வைத்தார். எஃப்டி மவுன்ட். எண்பதுகளில் பழசாக வாங்கி, மூன்று லென்ஸ் சேர்த்தவர் அவர். 1987-இல் கேனான் இஎஃப் மவுன்டுக்கு மாறியதும் அத்தனையும் அந்தரத்தில் நின்றன. தொண்ணூறுகளின் கடைசி வரை அதையே வைத்து ஓட்டி, அப்புறம்தான் புதிதாக ஆரம்பித்தார்.

“அதை விக்காதீங்க. அது எதுல வேணாலும் போகுது. நீங்க வாங்கறது எதுல போகும்னு எனக்குத் தெரியலைங்க” என்று மருமகனைப் பார்த்துச் சொன்னார். மகன் மேல் கோபம் இருந்ததால் மருமகனிடம் பேசினார் என்று நினைக்கிறேன்.

அவருடைய அச்சத்துக்குப் பின்னால் திட்டவட்டமான ஓர் அளவு இருக்கிறது. அவர் அதை அந்த மாதிரிச் சொல்லவில்லை, நான்தான் பின்னால் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மவுன்டுக்கும், லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து சென்சார் (பழைய கேமராவில் ஃபிலிம்) வரை நிர்ணயிக்கப்பட்ட ஒரு தூரம் உண்டு. எஃப்டிக்கு 42 மில்லிமீட்டர். இஎஃப்புக்கு 44. பழைய லென்ஸ் 42-இல் உட்கார வேண்டும். புதிய பாடியோ 44-க்குக் குறைத்து விடாது. அடாப்டருக்கு இடமே இல்லை. வெறும் வளையம் போட்டு மாட்டினால் பக்கத்தில் இருப்பது தெளியும், தூரத்தில் இருப்பது எதுவும் தெளியாது.

இப்போது இதைப் பாருங்கள். இஎஃப்-எம்முக்கு 18 மில்லிமீட்டர். ஆர்எஃப்புக்கு 20. முப்பது வருடம் கழித்து அதே இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், அதே திசையில். இஎஃப்-எம் லென்ஸை ஆர்எஃப் பாடியில் மாட்டுகிற அடாப்டரைக் கேனான் வெளியிடவில்லை. இஎஃப் லென்ஸின் கதை நேர்மாறு. அதற்கு 44 தேவை, ஆர்எஃப்பில் இருப்பது 20. நடுவில் 24 மில்லிமீட்டர் காலியிடம். அங்கே ஓர் அடாப்டர் தாராளமாக உட்காரும், உள்ளே லென்ஸ் கண்ணாடிகூடத் தேவையில்லை. ஃபோகஸ், அப்பர்ச்சர் (வெளிச்சம் வருகிற துளை) எல்லாம் பழையபடி வேலை செய்யும்.

ஆக, ஒரே நிறுவனத்தின் இரண்டு மவுன்டுகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் முடிவுக்கு வந்தன. இஎஃப் லென்ஸ்களின் தயாரிப்பும் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கிறது. ஆனால் இஎஃப் வைத்திருந்தவருக்கு அடுத்த வீட்டுக்குக் கதவு திறந்திருந்தது, இஎஃப்-எம் வைத்திருந்தவருக்கு இல்லை. “நின்றுபோன கேமரா” என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகிறார்கள்.

லென்ஸ்களை விற்கவில்லை. மீதிப் பணத்துக்குச் சீட்டில் கூடத் தள்ளினார்கள். இந்தக் கதையில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான் என்று கணக்கு சொல்கிறது.

2022: செய்தி வந்த பிறகு

2022 மே மாதம் கேனான் ஆர்7, ஆர்10 இரண்டையும் அறிவித்தது. எம் வரிசையில் இருந்த அதே சின்ன சென்சார் அளவு, ஆனால் ஆர்எஃப் மவுன்ட். அன்று சாயங்காலமே இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சிறிய சென்சாருக்கும் ஆர்எஃப்தான் என்றால் எம் வரிசைக்கு இனி வேலை இல்லை.

மருமகன் உடனே பாதியை விற்கலாம் என்றார். மகன் காத்திருக்கலாம் என்றார். மகனுடைய வாதம் இது: கேமரா நேற்று எடுத்த மாதிரியேதான் இன்றும் எடுக்கிறது, ஆவணிக்கு ஆர்டர் இருக்கிறது, சீட்டு இன்னும் முடியவில்லை, இப்போது விற்றால் நஷ்டம் கையில் வந்துவிடும். முடிவு, ஒரு வருடம் எதையும் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை.

இதை முழுத் தவறு என்று நான் எழுத மாட்டேன். இந்தத் தொழிலில் பயந்து விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். 2020 ஜூனில் ஒலிம்பஸ் தன் கேமரா பிரிவை விற்கப் போவதாக அறிவித்தபோது, வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குத் தவறாமல் போகிற ஒரு நண்பர் ஒலிம்பஸ் கேமராவின் மவுன்டான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் தான் வைத்திருந்த லென்ஸ்களைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். அந்த வரிசை சாகவில்லை. 2021 ஜனவரியில் கைமாறி, ஓஎம் என்ற பெயரில் இன்னும் வருகிறது. பானாசோனிக்கும் அதே மவுன்டில் கேமரா செய்வதால் லென்ஸுக்கு வேறொரு வீடும் இருந்தது. நிறுவனம் கைமாறுவதும் மவுன்ட் முடிவதும் வெவ்வேறு செய்திகள்.

மறுபக்கமும் உண்டு. சாம்சங் 2014-இல் என்எக்ஸ்1 என்ற அருமையான கேமராவைக் கொண்டுவந்தது. சில வருடங்களுக்குள் அந்த வரிசையையே விட்டு விலகிவிட்டது. நிக்கான் 1 வரிசை 2011-இல் பிறந்து 2018-இல் முடிந்தது. பெரிய நிறுவனமா, நல்ல கேமராவா என்ற இரண்டு கேள்விக்கும் “ஆமாம்” என்று பதில் வந்தும் இவை நின்றன. கோவையில் கடைக்காரர்கள் “பெரிய கம்பெனிங்க, பயப்படாதீங்க” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எம் வரிசையும் பெரிய கம்பெனியுடையதுதான்.

ஸ்டுடியோ காத்திருந்த அந்த ஒரு வருடத்தில் பழைய சந்தை இறங்கியது. 2022 ஆடியில் ஈரோட்டில் ஒருவர் எம்6 மார்க் 2-ஐயும் 32-ஐயும் சேர்த்து 75,000-க்குக் கேட்டிருந்தார், கொடுக்கவில்லை. அடுத்த வருடம் அதே ஆள் 50,000 என்றார். ஆனால் அந்த இடைவெளியில் இரண்டு சீசன் சம்பாத்தியம் வந்தது. விலைச் சரிவு மட்டும்தான் நஷ்டம் என்றால் காத்திருந்தது சரியே. அது மட்டுமில்லை என்பது 2023-இல் தெரிந்தது.

2023 ஆவணி: மண்டபத்தில் விழுந்த கேமரா

கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு மண்டபம். விடிகாலை முகூர்த்தம். மங்கல வாழ்த்து பாடி முடித்து, கூட்டம் நகர்ந்தபோது ஒரு குழந்தை ஓடிவந்து மகனின் காலில் மோதியது. கிம்பலோடு எம்6 மார்க் 2 படிக்கட்டில் விழுந்தது. லென்ஸ் தப்பித்தது. பாடியின் மவுன்ட் வளையம் ஒரு பக்கம் வளைந்துவிட்டது. படத்தில் இடது பாதி தெளிவாகவும் வலது பாதி மங்கலாகவும் வந்தது. அன்றைய வேலையை இரண்டு எம்50-ஐ வைத்து முடித்துவிட்டார்கள்.

பழுதுக்குக் கொடுத்த இடத்தில் பாகம் கையிருப்பில் இல்லை, வரவழைக்க வேண்டும், நாள் சொல்ல முடியாது என்றார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. தயாரிப்பு நின்றாலும் சில வருடங்களுக்குப் பாகம் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அடுத்த முகூர்த்தம் பதினோரு நாளில் இருந்தது.

வழக்கமாக இப்படி ஆனால் என்ன செய்வார்கள்? கோபியில் இருக்கிற இன்னொரு ஸ்டுடியோவிடம் கேட்பார்கள், அல்லது கோவையில் வாடகைக்கு எடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் கேமராக்காரர்கள் போட்டியாளர்களாக இருந்தாலும் ஆபத்துக்குப் பாடியும் லென்ஸும் மாற்றிக் கொடுத்துக்கொள்வார்கள். தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்தார்கள். விழுந்த பாடிக்குப் பதிலாகக் கொடுக்க ஒருவரிடமும் எம் பாடி இல்லை. கோவையில் வாடகைக்கு விடுகிற கடைகளில் சோனி இருந்தது, ஆர்எஃப் இருந்தது, பழைய 5டிகூட இருந்தது. எம் வரிசை மட்டும் எங்கேயும் இல்லை. சிக்மா 16, 56, கேனான் 32, 11-22 என்று ஒரு பை நிறைய நல்ல லென்ஸ். மாட்டுவதற்கு இன்னொரு பாடி இல்லை.

கடைசியில் ஆர்எஃப் மவுன்டுள்ள முழு ஃப்ரேம் பாடியான ஆர்6 ஒன்றையும் இஎஃப் அடாப்டரையும் வாடகைக்கு எடுத்தார்கள். அதில் மாட்டியது பெரியவர் விற்கவிடாமல் வைத்த 70-200-ஐயும் 24-105-ஐயும். 80டி-யின் எல்பி-இ6என் பேட்டரிகளே ஆர்6-க்கும் போதும் என்பதால் பேட்டரி வாடகை மிச்சம். 32-இன் இடத்தை 50 எஃப்/1.8 பிடித்துக்கொண்டது: சின்ன சென்சாரில் 32 காட்டுகிற பரப்பைத்தான் முழு ஃப்ரேமில் 50 காட்டும். எப்போதோ வாங்கிப் பையின் அடியில் கிடந்த லென்ஸ் அது.

பல வருடம் கணக்கு எழுதிய எனக்கு இந்தச் சம்பவம் ஒரு விஷயத்தைக் காட்டியது. இவர்கள் தொழிலில் ஒரு கேமரா வரிசை “நின்றுபோகிற” தேதி, நிறுவனம் அறிவிக்கிற தேதி அல்ல. பக்கத்து ஸ்டுடியோவிலும் கோவை வாடகைக் கடையிலும் அது கிடைக்காமல் போகிற தேதிதான். எம் வரிசையைப் பொறுத்தவரை, கொங்குப் பக்கத்துக் கல்யாண வேலைக்கு அது ஒருநாளும் வாடகைக் கடையில் பரவலாக இருந்ததில்லை. 2021-இல் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். வீட்டில் சொந்தமாகச் சின்ன கேமரா வைத்திருப்பவருக்கு இது பிரச்சினையே அல்ல. நாள் குறித்து முன்பணம் வாங்குகிறவருக்குப் பிரச்சினை.

வெளியேறிய முறை

2023 ஐப்பசியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள், நானும் இருந்தேன். எம் கடைசி பாடியின் தயாரிப்பும் அந்த வருடம் நின்றுவிட்டது என்ற செய்தி அதற்குள் வந்திருந்தது.

ஒரேயடியாக எல்லாவற்றையும் விற்று சோனிக்குப் போவது என்பது மகனின் யோசனை. லென்ஸ் தேர்வு அங்கே அதிகம், வாடகைக்கும் சுலபம். இது நியாயமான யோசனைதான். ஆனால் அதைச் செய்தால் இஎஃப் லென்ஸ்களின் மதிப்பையும் சேர்த்து இழக்க வேண்டும். அடாப்டர் வழியாகச் சோனியில் இஎஃப் ஓடினாலும், ஓடிக்கொண்டிருக்கிற சீர் நடுவே அதை நம்ப மருமகனுக்கு மனமில்லை. கையிலிருக்கிற லென்ஸ் எங்கே நேராகப் போகுமோ அங்கேயே போவது என்று முடிவாயிற்று.

எந்தப் பொருளை முதலில் விற்பது என்பதில்தான் அதிக நேரம் பேசினோம். பாடியை முதலில் விற்றால் லென்ஸ் தனியாக நிற்கும். தனி இஎஃப்-எம் லென்ஸை யார் வாங்குவார்? அதனால் சோடி போட்டே விற்றார்கள். எம்50 மார்க் 2, பாடியோடு வந்த கிட் லென்ஸ், 22 மூன்றும் சேர்த்து, வீட்டிலிருந்து சமையல் வீடியோ போடுகிற ஒரு குடும்பத்துக்குப் போயிற்று. வளைந்த வளையம் சரியாகி வந்த எம்6 மார்க் 2, பழுது பார்த்தது என்று சொல்லியே, 11-22-வோடு ஒரு கல்லூரி மாணவருக்கு. பழைய எம்50 ஒன்று 16-ஓடும் 56-ஓடும் ஈரோட்டுக்கு. வாங்கின மூன்று பேரிடமும் இந்த மவுன்டுக்குப் புது லென்ஸ் வராது என்று மருமகன் நேராகச் சொன்னார். அதனால் விலை கொஞ்சம் குறைந்திருக்கலாம். அவருக்கு அதில் வருத்தமில்லை, எனக்கும்தான்.

2023 கார்த்திகையில் சீட்டு முடிந்தது. மார்கழியில் பழைய ஆர்6 ஒன்றும் அடாப்டரும் வாங்கினார்கள். ஆர்6-இல் இரண்டு கார்டு போடலாம். ஒரே கார்டில் கல்யாணம் எடுத்துக்கொண்டிருந்த கவலை தீர்ந்தது. ஈரோட்டில் பழைய இஎஃப் 85 எஃப்/1.8 ஒன்று கிடைத்து, சிக்மா 56-இன் இடத்தை நிரப்பியது. 2024 ஆனியில் கிம்பலுக்காக ஆர்10. எம்6 மார்க் 2-க்கு வாங்கிய எல்பி-இ17 பேட்டரிகள் நான்கும் ஆர்10-இல் அப்படியே ஓடுகின்றன. எம்50-இன் எல்பி-இ12 எதற்கும் உதவாது. பேட்டரியை யாரும் முதலீடாக நினைப்பதில்லை. நான்கு ஒரிஜினல் பேட்டரியின் விலை ஒரு சின்ன லென்ஸின் விலை. இஎஃப்-எஸ் 10-18 லென்ஸ் ஆர்10-க்கு அகலக் கோணமாக அமைந்துவிட்டது.

2024 ஏப்ரலில் சிக்மா அதே 16-ஐயும் 56-ஐயும் ஆர்எஃப் மவுன்டில் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. உள்ளே அதே கண்ணாடி. புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

கணக்கு

எம் வரிசையில் போட்ட நான்கு லட்சத்தில், விற்று வந்தது ஒன்றேகால் லட்சம். பாடிகளை நான் முதலிலிருந்தே மூன்று வருடத் தேய்மானத்தில் எழுதியிருந்தேன். அவை தங்கள் காசை முழுதாகச் சம்பாதித்துவிட்டன. அதில் நஷ்டம் என்று சொல்ல எதுவுமில்லை. இடி விழுந்தது லென்ஸ்களில். லென்ஸ் எட்டு வருடம் உழைக்கும் என்ற நினைப்பில்தான் அவ்வளவு நல்லதாக வாங்கினார்கள். கிடைத்தது மூன்றிலிருந்து நாலரை வருடம். இஎஃப் 70-200 வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் முழு வேலை செய்கிறது.

ஆர்6, ஆர்10, அடாப்டர்கள், 85 எல்லாம் சேர்த்துப் புதிதாகப் போட்டது இரண்டரை லட்சத்துக்குக் கிட்ட. இஎஃப் லென்ஸ்களை 2021-இல் விற்றிருந்தால் இதோடு குறைந்தது இன்னொரு இரண்டு லட்சம் தேவைப்பட்டிருக்கும், மறுபடி ஒரு சீட்டு எடுத்திருப்பார்கள்.

இனி எப்படி

எம்50 வாங்கியதில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. 2018-இலும் 2019-இலும் பாடியும் ஒன்றிரண்டு லென்ஸும் அடாப்டரும் வாங்கியது நல்ல வியாபாரம். 2021-இலும் பாடிகளை மட்டும் வாங்கி, லென்ஸுக்கு இஎஃப்பையே அடாப்டரில் ஓட்டியிருந்தால், கிம்பலில் கொஞ்சம் பளு கூடியிருக்கும். வெளியேறும்போது முக்கால்வாசிப் பணம் பத்திரமாக இருந்திருக்கும். மாற்ற வேண்டியது அந்த ஒரு கொள்முதல். 2022 ஆடியில் வந்த விலையையும் ஏற்றிருக்கலாம். ஆவணிக்கு இன்னும் மூன்று பாடி கையில் இருந்தது.

இப்போது எந்தப் பொருளும் வாங்குவதற்கு முன் மருமகன் மூன்று இடங்களுக்கு ஃபோன் செய்கிறார்: கோவையில் ஒரு வாடகைக் கடை, கோபியில் ஒரு ஸ்டுடியோ, ஈரோட்டில் பழைய கேமரா வாங்கி விற்கிறவர். முதல் இருவரிடமும் அது இல்லை என்றால் வேலைக்கு வாங்குவதில்லை. அந்த மவுன்டில் கடைசியாக லென்ஸ் வந்த தேதியையும், அடுத்த மவுன்டுக்குப் போக இடைவெளி இருக்கிறதா என்பதையும் பார்க்கிறார். ஆர்எஃப்பின் 20 மில்லிமீட்டரை அவர் மறக்கவில்லை. இஎஃப்புக்குக் கிடைத்த மாதிரி இடைவெளி ஆர்எஃப் லென்ஸுக்கு ஒருநாளும் கிடைக்காது, இதைவிட அதிகம் குறைக்க இடமில்லை. அதனால் இதுவரை ஆர்எஃப் லென்ஸ் ஒன்றுகூட வாங்காமல், பழைய இஎஃப் லென்ஸ்களையே தேடித் தேடி வாங்குகிறார். இது எத்தனை வருடம் செல்லும் என்பதில் மகனுக்கும் அவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இஎஃப் லென்ஸுக்கும் பாகம் கிடைக்காத நாள் வரும் என்பது மகனின் வாதம். அதுவும் உண்மைதான்.

கடன் விஷயத்தில் ஒத்துப்போய்விட்டார்கள். தவணை பாடிக்கு மட்டும், பதினெட்டு மாதத்துக்குள், லென்ஸ் கைக்காசில்.

ஒரு எம்50-ஐயும் 32-ஐயும் வைத்துக்கொண்டார்கள். பேட்டரி இடத்தில் மின் இணைப்புக் கட்டை மாட்டி, ஸ்டுடியோ மேசையில் பனியன் கேட்டலாக்குக்கு எம்50 நிற்கிறது. முகூர்த்த நாளில் மேடையை நேரலையில் காட்ட எச்டிஎம்ஐ வழியாக ஓடுகிறது. அதன் ஷட்டர் போனால் பழுது பார்ப்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 32-ஐ விற்க மகன் சம்மதிக்கவில்லை. சொத்துப் பட்டியலில் அதன் மதிப்பை 2024 ஆடியில் பூஜ்யம் என்று எழுதிவிட்டேன்.